ஐப்பசியில் விழிக்கும் கணக்கு: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஆணையர் அனைவருக்கும் வணக்கம்.

தை பிறந்துவிட்டது. டெங்குக் காய்ச்சல் ஓய்ந்துவிட்டது. புகை மருந்து அடிக்கும் இயந்திரங்கள் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன. இன்னும் சில வாரங்களில் 2026-27க்கான வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் வைக்கப் போகிறீர்கள். 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டு உங்களை அனுப்பினோம். உங்கள் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் இதுதான் கடைசி பட்ஜெட்டாக இருக்கும். அதனால்தான் கொசு ஒழிப்புக்கும் நோய்த் தடுப்புக்கும் எப்போது, எவ்வளவு ஒதுக்குவது என்பது பற்றி இப்போதே எழுதுகிறேன். ஐப்பசியில் எழுதினால் உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பல நகராட்சிகளின் பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். தூசியால் வந்த தும்மல் இன்னும் போகவில்லை. மருத்துவம் எனக்குத் தெரியாது. செலவுச் சீட்டு தெரியும். ஓர் ஊரில் காய்ச்சல் எப்போது வந்தது என்று அறிய ஆஸ்பத்திரிப் பதிவேடு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, செலவுச் சீட்டின் தேதியே போதும்.

ஒரு நகராட்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அது நம் ஊர் இல்லை, ஆனால் நம் ஊராகவும் இருந்திருக்கலாம். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் வருகைப் பட்டியல் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் முழு ஆண்டுக்கும் சேர்த்து நவம்பரில் ஒரே லோடு. புகை இயந்திரத்துக்கான டீசல் பில்கள் நவம்பர், டிசம்பர். ஃபிளெக்ஸ் பேனர், ஒலிபெருக்கி ஆட்டோ, நிலவேம்புக் குடிநீர், எல்லாம் அதே மூன்று மாதத்துக்குள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரே வாசகம்: ‘அவசர அவசியம் கருதி’. தலைவரின் முன்அனுமதியோடு செலவு நடந்துவிடும். மன்றம் அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்துகொள்ளும். ஒப்பந்தப்புள்ளி கோர நேரமில்லை, ஆகவே விலையும் கூடுதல். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அந்தத் தலைப்பில் ஒரு ரூபாய் கிடையாது.

அவசரமாம். ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருவதை அவசரம் என்று எழுதினால் தீபாவளியையும் அப்படித்தான் எழுத வேண்டும். தணிக்கைத் தடையில், அதாவது கணக்கில் கண்ட குறையை எழுதும் குறிப்பில், இந்த வரியை எழுத எனக்கு ஆசை இருந்தது. எழுதவில்லை. பென்ஷன் வேண்டுமே. இப்போது எழுதுகிறேன்.

சரி, ஏன் ஐப்பசியில் தொடங்கினால் வீண் என்பதைக் கொசுவிடமே கேட்கலாம். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல், பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு. சாக்கடை அதற்குப் பிடிக்காது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். மார்கழியில் டிரம்மில் ஒட்டிய முட்டை சித்திரையில் கோடை மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டிய மாதம் தை, மாசி. அந்த மாதங்களில்தான் நாம் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஒரு வீட்டை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால்தான் சங்கிலி அறும். இதை உங்கள் பட்ஜெட் மொழிக்கு மாற்றிப் பாருங்கள். ஓர் ஊரில் 20,000 வீடு, ஒரு பணியாளர் ஒழுங்காக ஒரு நாளில் ஐம்பது வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாளில் 300 வீடு. எல்லா வீட்டையும் வாரம் ஒருமுறை பார்க்க 67 பேர் வேண்டும். ‘நிதி நிலைமை’ காரணமாக இருபது பேரைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டுக்கு வந்தவர் மறுபடி அங்கே வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டு தலைமுறைக் கொசு பறந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு காசு கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலன் கிடைக்கும் என்று நினைக்கிறோம். சாலை போடுவதில் அந்தக் கணக்கு சரி. இங்கே செல்லாது.

போன கார்த்திகையில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது வயது. தட்டணுக்கள் இறங்கி, ஆறு நாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். அம்மா தையல் வேலை, அப்பா சரக்கு ஆட்டோ. தாலிச் செயினை அடகு வைத்தார்கள். பிள்ளை பிழைத்தாள், அந்த வகையில் நிம்மதி. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள் தெருவுக்குப் புகை மருந்து வந்தது. படம் எடுத்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதுமே நாங்கள் எல்லோரும் செய்தது என்ன தெரியுமா? ஜன்னலைச் சாத்தினோம். ஈடிஸ் கொசு கட்டிலுக்கடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் உள்ளே பத்திரமாக இருந்தது.

புகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி, வைரஸ் ஏறிய கொசுவை உடனே கொல்ல அது உதவும், அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே அது கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, ‘நகராட்சி வேலை செய்கிறது’ என்று ஊருக்குப் புரிகிறது. ஒரு பெண் டார்ச் லைட்டோடு வீட்டுக்குள் வந்து தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து ஊற்றிவிட்டுச் சுவரில் தேதி போட்டுப் போனால் யார் படம் எடுக்கப் போகிறார்கள்? நிலவேம்புக் குடிநீரும் அப்படித்தான். குடிக்கிறவர் குடிக்கட்டும், எனக்கு அதில் வழக்கு இல்லை. அதன் செலவைக் கொசு ஒழிப்புத் தலைப்பில் எழுதுவதில்தான் வழக்கு.

எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பொங்கலுக்கு முன் கடைத்தெருவில் பார்த்தேன். “இனிமே வரமாட்டேம்மா, நிப்பாட்டிட்டாங்க. மறுபடி மழைக்குத்தான் கூப்பிடுவாங்க. போன மாசக் காசே இன்னும் வரல” என்றார். எந்த வீட்டில் தொட்டி மூடியில்லை, எந்த வீட்டில் மாடிச் சாவி கொடுக்க மாட்டார்கள், எந்த வீட்டில் நாய் கடிக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துவிட்டு ஒன்பது மாதம் தெருவில் விடுகிறோம். மழைக்கு அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். புதிதாக ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார்.

இனி பணத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இன்றைய பெயரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம். இராஜாஜி அமைச்சரவையில், ஒரு டாக்டரே சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. அவர் டி.எஸ்.எஸ்.ராஜன். கொசு பெருகும்படி தண்ணீரைத் தேக்கி வைத்தால் அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரம் முதல், தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமை வரை அதில் உண்டு. அதிகாரம் மட்டும் கொடுத்தால் போதாது, காசும் வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நகர்மன்றமும் அரசு மானியம் நீங்கலாகத் தன் சொந்த வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அன்றைய ஜில்லா போர்டுகளுக்கு அது 12.5 விழுக்காடு. வெள்ளைக்காரன் போய், ஜில்லா போர்டும் போய், இத்தனை ஆண்டாகிவிட்டது. சட்டம் இருக்கிறது.

நீங்கள் உடனே சொல்லப் போகும் பதில் எனக்குத் தெரியும். உங்கள் கணக்கர் எழுதித் தருவார். தூய்மைப் பணியாளர் சம்பளம், குப்பை வண்டி, குடிநீர்ப் பராமரிப்பு, வடிகால் தூர்வாரல் எல்லாவற்றையும் சேர்த்தால் 30 என்ன, அதற்கு மேலேயே வரும். உண்மைதான், நானே கூட்டிப் பார்த்திருக்கிறேன். குப்பை அள்ளுவதும் சுகாதாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய கூட்டுத்தொகைக்குள் தொற்றுநோய்த் தடுப்பு என்று எவ்வளவு, அதில் நோய் வருமுன் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடிதான் கணக்கு இருக்கிறது.

நம் நகராட்சிக் கணக்கில் மூன்று நிதிகள் உண்டு. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. பள்ளிக்கூடத்துக்குத் தனிப்பெட்டி வைத்தார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறீர்கள். 1948இல் நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் முயற்சியால் வந்த நூலகச் சட்டத்தின் கொடை அது. (வாங்கிய நூலக வரியை ஒழுங்காக நூலகத் துறைக்குச் செலுத்துகிறீர்களா என்பது வேறு மடலுக்கான விஷயம்.) நூலகத்துக்கு ஒரு வரி, கல்விக்கு ஒரு நிதி. சுகாதாரத்துக்கு மட்டும் விழுக்காடு உண்டு, பெட்டி இல்லை. பெட்டி இல்லாத காசு பொதுக் கணக்கில் கரையும். கரைந்ததை யாரும் தேடமாட்டார்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பது ஆண்டு பார்த்ததே அதைத்தான். மின் கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, ஓய்வூதியப் பங்கு, கடன் தவணை. மாநில நிதி ஆணையப் பங்கு உங்கள் கைக்கு வருமுன்பே இவற்றில் சில பிடித்தம் ஆகிவிடும். மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் தருகிறது. அது உங்களுக்குப் பெரிய கை. ஆனால் பிடித்தம் போக வருவதை வைத்துச் சம்பளம் போட்டால் மாதம் முடிந்துவிடும்.

அதே நேரத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை கூட்டிக் கட்டினோம். எங்கள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினோம், ஆனாலும் கட்டினோம். அது உங்கள் சொந்த வருமானம், யாருடைய மானியமும் இல்லை. அதாவது 1939ஆம் ஆண்டுச் சட்டம் எதில் 30 விழுக்காடு என்று சொன்னதோ, அந்தத் தொகையே பெருத்திருக்கிறது. சொந்த வருமானம் 10 கோடி என்றால் 3 கோடி. அது 13 கோடி ஆனால் 3 கோடியே 90 லட்சம். கூடின அந்த 90 லட்சத்தில் எவ்வளவு கொசுப் பக்கம் போனது என்பது என் கேள்வி.

மத்திய மானியம் இருக்கிறதே என்பீர்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையான ஐந்து ஆண்டுக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் நகரங்களுக்கு 26,123 கோடி. உள்ளாட்சிக்கும் சுகாதாரத்துக்கும் உள்ள உறவை ஒரு நிதிக்குழு இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொண்டது பெரிய செய்தி. தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்ற திட்டத்தின் பின்னணியில் இருப்பதும் அந்தப் பணம்தான். ஆனால் அந்த ஐந்து ஆண்டு 2026 மார்ச் 31உடன் முடிகிறது. அது போக, பொதுவாக வரும் நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. கட்டில்லாத மீதி 40ஐயும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ எடுக்கக் கூடாது. மானியம் கட்டடம் கட்டும், குழாய் போடும். மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் கூலி உங்கள் சொந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். 1971இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்த காலத்திலிருந்தே ஏறக்குறைய இதுதான் பாகப்பிரிவினை. மருந்து மேலிருந்து வரும், ஆள் கீழே.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கொசுப்புழுவை ஒழிக்கும் செலவு நகராட்சிக் கணக்கில் விழும். காய்ச்சல் வந்தால் அரசு ஆஸ்பத்திரிப் படுக்கையும் மருந்தும் மாநிலக் கணக்கில். தனியாருக்குப் போனால் அடகுக் கடைக் கணக்கில். ஆகவே நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்துத் தடுத்தால் மிச்சமாவது வேறொருவருடைய காசு. உங்கள் பேரேட்டில் செலவு மட்டுமே தெரியும், மிச்சம் தெரியாது. வராத காய்ச்சலுக்குச் செலவுச் சீட்டு கிடையாது. இப்படி ஒரு கணக்குமுறையை வைத்துக்கொண்டு எந்தத் தலைவராவது தையில் கொசுவுக்குப் பணம் ஒதுக்கினால் அவர் புண்ணியவான்தான். புண்ணியத்தை நம்பி பட்ஜெட் போட முடியாது என்பதால்தான் 30 விழுக்காட்டைச் சட்டத்தில் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோணலை மாநில அரசிடம் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. “நாங்கள் ஆண்டு முழுதும் ஆள் போடுகிறோம், உங்கள் ஆஸ்பத்திரிகளில் படுக்கை மிச்சமாகிறது, அதில் ஒரு பங்கைக் கூலிக்குத் தாருங்கள்” என்று ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள். அடுத்த மாநில நிதி ஆணையம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்கும்போது அதையே நீட்டுங்கள். சாலைக்கும் விளக்குக்கும் மனுக் கொடுத்த நகராட்சிகளைப் பார்த்திருக்கிறேன். கொசுக்கூலிக்கு மனுக் கொடுத்த நகராட்சியை நான் பார்த்ததில்லை.

இன்னொரு சமாதானம் அடிக்கடி காதில் விழுகிறது. “நாம் மட்டும் செய்து என்ன, பக்கத்து ஊர்க் கொசு இங்கே வராதா?” வராது. ஈடிஸ் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும் ஜீவன். மாவட்ட எல்லையை விடுங்கள், பெரும்பாலும் வார்டு எல்லையைக்கூடத் தாண்டாது. ஊர்விட்டு ஊர் போவது மனிதர்கள்தான். காய்ச்சலோடு ஒருவர் பஸ் ஏறி வரலாம். அவரைக் கடித்து அடுத்தவருக்குக் கொடுக்க நம் தெருவில் கொசு இருக்கிறதா என்பது நம் கையில். ஈடிஸைப் போல் உள்ளாட்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்த எதிரி வேறு கிடையாது.

தண்ணீரையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூரில், டெங்கு ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். அந்த ஆண்டு மத்திய அரசின் கணக்கில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேர், 65 இறப்பு. குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? குடம், அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார். ‘தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்’ என்று பேனர் கட்டுவதும் நீங்கள்தான், தேக்கி வைக்க வைப்பதும் நீங்கள்தான். குடிநீர் இடைவெளியை இரண்டு நாளாகக் குறைத்தால் அது டெங்குச் செலவு என்றே நான் எழுதுவேன். என் பழைய அதிகாரிகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அப்புறம் பிளீச்சிங் பவுடர். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரியும். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம். ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 400 கிராம். அரைக் கிலோவுக்கும் குறைவு! வாந்திபேதியிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் ஒரு வார்டைக் காக்கும் பொருள்களில் இதைவிட மலிவானது இல்லை. ஆனால் அது உப்பைப் போல மூட்டையில் கிடக்கும் சரக்கு அல்ல. மூட்டையைப் பிரித்து ஈரக் காற்றில் வைத்தால் குளோரின் போய்விடும், மிச்சம் சுண்ணாம்புதான். நவம்பரில் வந்த லோடை அடுத்த ஆகஸ்டில் போடுகிறவர்கள் தொட்டியில் சுண்ணாம்பு கரைக்கிறார்கள். இருப்புப் பதிவேட்டில் மட்டும் அது ‘பிளீச்சிங் பவுடர், 25 கிலோ’. தெருக்கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) குளோரின் நிற்கிறதா என்று பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவி போதும், இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. அதற்கும் ஆள் வேண்டும், தினமும் வேண்டும்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். எழுபது, எண்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று நாம் நினைத்த நோய். நம் கடற்கரையில், நம் மொழி பேசும் ஊரில், குடிநீர்க் குழாயில் கழிவு கலந்தால் போதும், திரும்பி வந்துவிடும். கோவைப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொள்ளைநோய் வந்துபோனதை மறக்காமல் ஜனங்கள் கோயில் கட்டி வைத்தார்கள். நகராட்சியின் ஞாபகசக்தி ஜனவரி வரைதான்.

நாய்க்கடி பற்றியும் ஒரு வரி. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதற்கும் தனித் தலைப்பு வையுங்கள். இப்போது கடித்த பின்புதான் காசு நகர்கிறது.

கேரளத்தைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு சுகாதாரக் குழு. ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்ற அளவில், தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து 10,000, அந்த மாநிலத்தின் தூய்மை இயக்கமான சுசித்வ மிஷனிலிருந்து 10,000, உள்ளாட்சியின் சொந்த நிதியிலிருந்து 5,000 என்று சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தொகை பெரிதில்லை. ஒரு ஃபிளெக்ஸ் திருவிழாவுக்குக் காணாது. ஆனால் மூன்று பெட்டியிலிருந்து வரும் காசு ஒரே வார்டில், மழைக்கு முன், ஓர் ஆளின் கையில் சேர்கிறது. அங்கே டெங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. செலவுச் சீட்டின் தேதியை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

கேட்பது இவ்வளவுதான். பட்ஜெட்டோடு ஒரு பக்க இணைப்பு வையுங்கள். சொந்த வருமானம் எவ்வளவு, அதில் 30 விழுக்காடு எவ்வளவு, அதில் தொற்றுநோய்த் தடுப்புக்குத் தனியாக எவ்வளவு என்று மூன்று எண் போதும். அந்தத் தடுப்புத் தொகையில் பாதிக்கு மேல் ஆடி முடிவதற்குள் செலவாக வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். கொசுப்புழுப் பணியாளர்களைப் பன்னிரண்டு மாதமும் வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு பேர் போட முடியாது என்றால் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் வார்டுகளில் மட்டுமாவது வாரச் சுற்று முடிகிற அளவுக்கு ஆள் போடுங்கள். ஊர் முழுக்க இருபது பேரைத் தூவுவதைவிட அது மேல். எந்த வார்டு என்று உங்கள் சுகாதார ஆய்வாளருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பணியாளர்களின் கூலியைப் பத்தாம் தேதிக்குள் கொடுங்கள். பிளீச்சிங் பவுடரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபா கூடும்போது சாலை, விளக்கு என்று பேசி முடித்த பின், அந்த வார்டில் எத்தனை வீடு பார்த்தார்கள், எத்தனை வீட்டில் புழு இருந்தது, கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு என்று படித்துக் காட்டுங்கள். முதல் தடவை யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது தடவை ஒரு பெண் எழுந்து “எங்க தெருவுக்கு ஏன் வரல?” என்பார். அவருக்குப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

‘தலைப்பு பிரிக்கத் தெரியாது, மென்பொருளில் அந்தக் குறியீடு இல்லை’ என்று கணக்குப் பிரிவில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், முப்பது ஆண்டு. அந்த இணைப்பைத் தயாரிக்க நான் வருகிறேன். கடந்த மூன்று ஆண்டுப் பேரேட்டையும் செலவுச் சீட்டுக் கட்டுகளையும் ஒரு மேசையில் வையுங்கள், காற்றாடி இருந்தால் நல்லது. நாலு நாள் போதும். சம்பளம் வேண்டாம். மாசி பிறக்குமுன் கூப்பிட்டால் பட்ஜெட் கூட்டத்துக்கு முன் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சியில் சொத்து வரி பாக்கி இல்லாத ஒரு வீட்டுக்காரி
(உள்ளாட்சி நிதித் தணிக்கை, ஓய்வு)